பேச்சியக்கா காதில் விழாத வண்டி

காலை ஆறே காலுக்கு விருதுநகரில் பஸ் ஏறினேன். சாத்தூருக்கு டிக்கெட் எடுத்தேன். ஜன்னலோரம் கிடைத்தது. மடியில் முறுக்கு டின், காலடியில் பேச்சியக்காவுக்கு எடுத்த தீபாவளிச் சேலை. தீபாவளி போய் மூன்று நாளாகிவிட்டது. பச்சையா சிவப்பா என்று ஜவுளிக் கடையில் அரை மணி நேரம் நின்று, கடைசியில் கடைக்காரர் சலித்துப்போய்க் கையில் திணித்த சிவப்பை வாங்கினேன். அது வேறு கதை. எனக்கு எழுத்துத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள். நடுவில் நடுவில் சிரிக்கிறாள்.

சாத்தூரில் இன்னொரு பஸ் மாறி, எட்டு மணிக்கு ஏழாயிரம்பண்ணையில் இறங்கினேன். வழியெல்லாம் பட்டாசுக் கம்பெனிகள் பூட்டிக் கிடந்தன. சீசன் முடிந்த வாரம். ஆட்களை ஏற்றிப் போகும் வேன்கள் குளித்துவிட்டு நிற்கிற மாடுகள் மாதிரி வரிசையாக நின்றன. ராத்திரி முழுக்கப் பெய்த மழையில் கரிசல் காடு மையாகக் கறுத்திருந்தது.

பஸ் ஸ்டாப்பில் என் தம்பி முத்தையா புது வண்டியோடு நின்றான். புதுசு என்றால் அவனுக்குப் புதுசு. மகன் சென்னையில் ரெண்டாம் கையாக வாங்கியது. சக்கரம் என் இடுப்பு உயரம்.

முத்தையா முப்பது வருஷம் கம்பெனிகளுக்கு ஜீப் ஓட்டியவன். மழைக்காலத்தில் லாரி நுழையாத கரிசல் பாதையில் இவன் ஜீப் போகும். அந்த முப்பது வருஷத்தில் ஒரு நாள்கூட நான் அதில் ஏறியதில்லை. "லோடு இருக்குக்கா, பஸ்ஸுல வந்துரு" என்பான். கல்லு மாதிரி இருக்கும் அந்தக் கிளட்சை மிதித்து மிதித்து இடது முட்டி போய்விட்டது. இனி கிளட்சைத் தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லி ஒரு வருஷமாகிறது. ஜீப் ஷெட்டில் கிடக்கிறது.

எங்கள் மூவரில் மூத்தவள் பேச்சியக்கா. வெம்பக்கோட்டைக்குப் பக்கம், வைப்பாற்றங்கரைக் காட்டு வீட்டில் மகனோடு இருக்கிறாள். கண் மங்கிவிட்டது, நடை கிடையாது. தீபாவளிக்குத் தீபாவளி முத்தையாதான் ஜீப்பில் சேலையும் பலகாரமும் கொண்டுபோவான். போன வருஷம் முட்டி வலியில் போகவில்லை.

இந்தப் புது வண்டியில் கிளட்ச் இல்லை, கியர் தானே மாறும். மகன் கறாராகச் சொல்லிவிட்டுப் போயிருந்தான்: "ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கப்பா. முடிஞ்சா வச்சுக்கோங்க, ஞாயித்துக்கிழமை ஜீப்ப வெலைக்குக் குடுத்துருவோம். முடியலைன்னா ரெண்டையும் குடுத்துட்டு வீட்டுல இருங்க."

தார் ரோட்டில் யாரும் ஓட்டிவிடலாம். அக்கா வீட்டுக்குப் போகிற இரண்டரை கிலோமீட்டர் சகதிதான் பரீட்சை.

"முன்னால ஏறுக்கா."

"முன்னாலயா? லோடு இல்லையாலே?"

"நீதான்க்கா லோடு. ஏறு."

ஏறினேன். எம்புட்டு உயரம்! இருக்கன்குடிக்கு ஆடித் திருவிழாவில் லாரியில் போனபோதுகூட இப்படி ஊர் தெரிந்ததில்லை. வலப்பக்கம் அவன், நடுவில் ஒரு கம்பி, கம்பிக்குப் பக்கத்தில் ஐந்து இங்கிலீஷ் எழுத்து. முத்தையா மூன்றாவது வரை படித்தவன், அதுவும் தமிழ்.

"கடைசியில கொக்கி மாதிரி ஒண்ணு இருக்கு பாரு. சகதின்னா அதுல போடணும்னு சொன்னான்."

பார்த்தேன். இரும்புக் கொக்கியேதான்; அது 'எல்' என்கிறாள் எழுதுகிற மருமகள். எழுபது வயதில் நான் படித்த முதல் எழுத்து.

ஒன்பதரைக்குத் தார் ரோட்டை விட்டு இறங்கினோம். வண்டி தானே கியரைக் கூட்டிக்கொண்டு, திடீரென்று இழுக்கத் தெம்பில்லாமல் முக்கியது. "கொக்கி, கொக்கி!" என்று கத்தினேன். கம்பியைக் கீழே இழுத்தான். ஒரு உறுமல். பிறகு அடிபிசகாமல் போனது.

முத்தையா முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தியாக்கா? ஜீப்புல கிளட்ச மிதிச்சு கியர் மாத்துற நேரத்துல சக்கரம் ஒரு மூச்சு வாங்கும். அந்த மூச்சுலதான் சகதி பிடிச்சுக்கிடும். இது மூச்சே வாங்கல. ஆனா முன்னால பள்ளம் கெடக்குன்னு இதுக்குத் தெரியாது. எனக்குத்தான் தெரியும்."

பள்ளம் வந்தது. அவனுக்குத் தெரிந்ததுதான் வினையாகப் போனது. பள்ளத்தைக் கண்டதும், முப்பது வருஷப் பழக்கத்தில், கியரைக் குறைக்க அவன் இடது கால் பாய்ந்து கிளட்ச் இருக்கும் இடத்தை மிதித்தது. இந்த வண்டியில் அந்த இடத்தில் அகலமான பிரேக் நீண்டிருந்தது. வண்டி அப்படியே நின்று, சக்கரம் பாதி முங்கியது.

முத்தையா குனிந்தான். அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

உளுந்துக் காட்டில் நின்ற ராமசாமி எட்டிப் பார்த்தார். கம்பெனி லோடு போன காலத்திலிருந்தே தெரிந்தவர்.

"என்ன முத்தையா, இதே சகதியில சீட்டியடிச்சுக்கிட்டுப் போவியே! பட்டணத்து வண்டி படுத்துக்கிருச்சா?"

"வண்டி நல்லாத்தான் வந்துச்சுண்ணே. என் காலுதான் இன்னும் ஜீப்புலயே இருக்கு" என்றான். அடுத்து என்னிடம், "முடியலக்கா. சாவியக் குடுத்துருதேன்" என்றான்.

ராமசாமி சிரிப்பை நிறுத்திவிட்டுக் குடிசையடியிலிருந்து பருத்திமார், காய்ந்த பருத்திக் குச்சி, ஒரு கட்டு கொண்டுவந்து சக்கரத்தடியில் பரப்பினார். நான் இறங்கி, அவருடைய களைக்கொத்தால் சக்கரத்தில் அப்பியிருந்த சகதியைச் சுரண்டினேன். இறங்கியதும் என் பாதத்திலும் காலுக்கு ரெண்டு கிலோ அப்பிக்கொண்டது. கரிசலில் நடந்தவர்களுக்குத் தெரியும், எட்டு வைக்க வைக்க வளர்ந்துகொண்டே போவோம். ஏறும்போது முத்தையாவின் துண்டை உருவி, அவன் இடது கணுக்காலை சீட்டின் இரும்புக் காலோடு கட்டினேன்.

"என்னக்கா இது, கன்னுக்குட்டியா நானு?"

"சின்னதுல ஒன்ன இப்படித்தாம்லே கட்டிப் போட்டுட்டுக் களையெடுக்கப் போவோம். வாய மூடிக்கிட்டு ஓட்டு."

பின்னால் ஒரு தரம், கொக்கியில் ஒரு தரம், மறுபடி பின்னால், மறுபடி கொக்கி. பருத்திமார் நொறுங்கியது. வண்டி ஏறிவிட்டது! ராமசாமி தலைப்பாகையை அவிழ்த்து வீசினார். அதன் பிறகு ஒரே வேகம். ஒற்றைக் காலால் ஓட்டினான். இடது பாதம் மட்டும் துண்டுக்குள் துள்ளித் துள்ளி அடங்கியது. நான் அதைப் பார்க்காத மாதிரி உளுந்துக் காட்டைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

பத்தேகாலுக்கு ஓடை வளைவு தாண்டி அக்கா வீட்டு வாசலில் நின்றோம். யாரும் வெளியே வரவில்லை. உள்ளே போனால் அக்கா கட்டிலில் உட்கார்ந்து, தலையைச் சாய்த்து எதையோ கேட்டுக்கொண்டிருந்தாள்.

"யாரு?"

"முத்தையாதான்க்கா."

"ஏலே, நீயா? நடந்தா வந்த?"

"வண்டியிலதான்க்கா."

"பொய் சொல்லாத. ஓடை வளைவுல நீ கியரு மாத்துனா எனக்கு இங்கன கேக்குமே. அதக் கேட்டுத்தான உலை வைக்கச் சொல்லுவேன். போன தீபாவளிக்கும் கேட்டுக்கிட்டே உக்காந்திருந்தேன். இந்த மூணு நாளும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். டிராக்டர் போகுது, மோட்டார் ஓடுது. ஒன் சத்தம் மட்டும் வரல."

முத்தையா அவள் கையைப் பிடித்துக்கொண்டான். புது வண்டியில் கியர் தானே மாறும், சத்தம் வராது என்று நான்தான் விளக்கினேன். அக்காவுக்குப் பிடிபடவில்லை. "சத்தமில்லாம வந்தா நான் எப்படிலே தெரிஞ்சுக்கிடுவேன்?" என்று மறுபடி கேட்டாள். பிறகு சேலையை முகத்தில் வைத்து மோந்து பார்த்தாள். சிவப்பா என்றாள். ஆமாம் என்றேன். எப்படிக் கண்டுபிடித்தாளோ.

உலை வைத்தாள் அக்காவின் மருமகள். சாப்பிட்டோம். நாலு மணிக்குக் கிளம்பினோம். வெயில் அடித்து ஓடை வளைவு காய்ந்திருந்தது. அந்த இடத்தில் முத்தையா கம்பியைக் கொக்கிக்கு இழுத்து ஆக்சிலேட்டரை அழுத்தினான். வண்டி அலறியது.

"சகதியே இல்லையேலே, எதுக்கு?"

வண்டியை நிறுத்தி, திரும்பிப் பார்த்தான். நானும் பார்த்தேன். தூரத்தில் நடைவாசலில் ஒரு சிவப்பு. யாரோ தாங்கிப் பிடித்திருந்தார்கள். அக்காவுக்கு அவ்வளவு தூரம் கண் தெரியாது. ஆனால் தூக்கிய கை சரியாக எங்கள் பக்கம்தான் நீண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஜீப்பை எடுத்துப் போய்விட்டார்களாம். அதன் முன் சீட்டில் நான் உட்காரவேயில்லை. இங்கே விருதுநகரில் எங்கள் தெருவில் நாள் முழுக்க வண்டிகள் கியர் மாற்றுகின்றன. எதைக் கேட்டும் நான் உலை வைப்பதில்லை. கொக்கி போட்ட வண்டி வளைவில் அலறியதை மருமகளுக்கு வாயால் செய்து காட்டினேன். அதை எழுத எழுத்து இல்லை என்கிறாள்.