ஐந்து தெரிந்த பக்கம்

போன கிழமை வாப்பாவின் கண்ணில் வெள்ளை படர்ந்திருக்கிறதென்று கல்முனையில் ஒரு கண்ணாடிக் கடைக்குக் கூட்டிப்போனேன். மேசையில் கிடந்த புத்தகத்தைச் சும்மா புரட்டினால், வட்டம் வட்டமாகப் புள்ளிகள். இதே புத்தகத்தை முன்பு ஒருதரம் பார்த்திருக்கிறேன். சட்டென்று மூடினேன். கூடவே எங்கிருந்தோ ஈரக் கயிற்றின் நாற்றமும் வந்தது.

வாப்பா கரையில் நின்று கயிறு பிடித்து வலை இழுக்கிற கரைவலைக்காரர். கீரி மீன் மொய்த்தால் கடல் சிவக்கும். செம்மண் கரைத்து ஊற்றியது மாதிரி இருக்குமாம். 'இருக்குமாம்' என்றுதான் நான் எழுதவேண்டும். எல்லாரும் சிவப்பைத் தேடி நிற்க, நான் தண்ணீரின் தோலைப் பார்ப்பேன். மீன் நிற்கிற இடத்தில் அது மெல்லச் சிலிர்க்கும். வானம் மூடிய மப்பு நாட்களில் ஒருவருக்கும் சிவப்புத் தெரியாது. அப்போது நான்தான் கையை நீட்டுவேன்.

"அந்தா வாப்பா, அங்கால!"

தோணி போகும், வலை கனத்து வரும். "இவன்ட கண்ணுக்கு என்னத்தக் காக்கா ஊத்துறீங்க?" என்று வாப்பாவை அண்ணன் முறை வைத்துக் கேட்பார் கூட வலை இழுக்கும் சரீப் மாமா.

"அது படிக்கிற கண்" என்பார் வாப்பா. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். எல்லாவற்றுக்கும் அவரிடம் அதுதான் விளக்கம்.

ஏ.எல். பரீட்சை முடித்ததும் கடற்படைக்கு விண்ணப்பித்தேன். வெள்ளை உடுப்பு, மாதச் சம்பளம், கடல். உம்மா அழுதா. வாப்பாவோ தேத்தண்ணிக் கடையில் எல்லாரிடமும் சொல்லி எனக்குக் கடற்படை வேலையே கொடுத்துவிட்டார்: "எண்ட மகன் கப்பல்ல மேல நிண்டு பாக்கிற ஆள்."

ஓட்டத்தில் தேறினேன். மூச்சைப் பிடித்து நெஞ்சளவிலும் தேறினேன். கடைசியில் கண் பரிசோதனை, அந்தப் புள்ளிப் புத்தகம்.

"புள்ளிக்குள்ள என்ன இலக்கம் தம்பி?" என்றார் டாக்டர்.

"புள்ளி, சேர்."

"இது?"

"இதும் புள்ளிதான், சேர்."

எனக்கு முன்னால் நின்றவன் எல்லா இலக்கமும் மளமளவென்று சொல்லி, ஒரு பக்கத்துக்கு மட்டும் "ஒண்டுமில்ல" என்றிருந்தான். அதே பக்கம் எனக்கு வந்தது. பளிச்சென்று ஐந்து.

"அஞ்சு, சேர்!" கரையில் கத்துகிற மாதிரியே கத்திவிட்டேன்.

டாக்டர் புத்தகத்தை மெல்ல மூடினார். "சரியான கண்ணுக்கு இதுல ஒண்டும் தெரியாது தம்பி. சிவப்பு, பச்ச பிரிச்சுப் பாக்க ஏலாதவங்களுக்குத்தான் அஞ்சு தெரியும். கப்பல் விளக்கே அந்த ரெண்டு நிறந்தான்."

வாப்பா இனித் தேத்தண்ணிக் கடையில் முகத்தை எங்கே வைப்பார்? பஸ் முழுக்க அதே யோசனை. வீட்டில் அவர் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டே நான் சொன்னதைக் கேட்டார்.

"மத்தவனுக்குத் தெரியாதது உனக்குத் தெரிஞ்சிரிக்கி. அதுக்கா வேணாமெண்டானுகள்?"

"ஓம் வாப்பா."

"மடயனுகள்" என்றார். "வா, மப்பா இரிக்கி. கடலப் பாப்பம்."

இப்போது நான் கந்தோரில் கோப்புகள் பார்க்கும் எழுதுவினைஞன். சிவப்புக் கோப்பு, பச்சைக் கோப்பு என்று கேட்டால் பெயரை வாசித்து எடுத்துச் சமாளிக்கிறேன்.

கண்ணாடிக் கடையிலிருந்து திரும்பும்போது வாப்பா த்ரீவீலரைக் கடற்கரைப் பக்கம் விடச் சொன்னார். சரீப் மாமா கட்டாருக்குப் போய்விட்டார். தோணி கிடந்த இடத்தில் கடலரிப்பைத் தடுக்கக் கருங்கல் அடுக்கியிருக்கிறது. கயிறு இழுத்த மணலைக் கடல் எடுத்துவிட்டது.

"மப்பா இரிக்காடா?"

"ஓம் வாப்பா."

"அப்ப நீ பாரு."

இறங்கிப் போய்க் கல்லில் ஏறி நின்று வெகுநேரம் பார்த்தேன். எங்கேயும் ஒரு சிலிர்ப்பில்லை.

"ஒண்டுமில்ல வாப்பா."

வெள்ளை படர்ந்த கண்ணை அவர் என் பக்கம் திருப்பினார்.

"நல்லாப் பாரு மகன்" என்றார்.