பாதிதான் திருப்தி, மேடம்

போன செவ்வாய்க்கிழமை காலை, பாசிர் கூடாங் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலைக்கு எதிரே காரை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தேன். உள்ளே என் தங்கை புஷ்பாவுக்கு நேர்காணல். வெளியே நான் நிமிடத்துக்கு ஒருமுறை கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

காரணம் இருக்கிறது. புஷ்பா வேலை பார்த்த தொழிற்சாலையை இந்த வருடத் தொடக்கத்தில் மூடிவிட்டார்கள். மெஷின் ஆபரேட்டராக அங்கேயே இருந்து நாற்பத்தைந்து வயதைத் தொட்டவள். அதன்பின் போன இடத்திலெல்லாம் 'பிறகு கூப்பிடுகிறோம்' என்றார்கள். யார் கூப்பிட்டார்கள்?

ஓர் இடத்தில், 'பழைய வேலையில் திருப்தி இருந்ததா?' என்று கேட்டிருக்கிறார்கள். யூடியூபில் பார்த்து மனப்பாடம் செய்ததை ஒப்பித்திருக்கிறாள் — அந்த வேலைதான் என் உயிர்மூச்சு என்று. கேட்டவர் கொட்டாவியை அடக்கிக்கொண்டாராம்.

இந்த முறையும் அதே கேள்வி. வராமல் இருக்குமா?

பொல்லாத கேள்வி அது. ஆமாம் என்றால் நம்பமாட்டார்கள். இல்லை என்றால், இவள் நாளைக்கு நம்மையும் குறை சொல்வாள் என்று நினைப்பார்கள்.

புஷ்பா இந்த முறை மனப்பாடம் செய்ததை ஒப்பிக்கவில்லை. "பாதிதான் மேடம்" என்றாளாம்.

எதிரே இருந்த மலாய்க்கார மேலாளர் நிமிர்ந்து பார்த்து, எந்தப் பாதி என்று கேட்டிருக்கிறார். இவள் மலாயில் சொன்னதை என்னிடம் தமிழில் அப்படியே சொன்னாள்:

"மெஷின்கிட்ட நிக்கிறது பழகிப்போச்சு மேடம். அதுல பிடிக்கும், பிடிக்காதுன்னு ஒன்னும் இல்ல. ஆனா புதுசா வர்றவங்களுக்கு நான்தான் சொல்லிக் கொடுப்பேன். யாரும் செய்யச் சொல்லல... நானா செஞ்சேன். வேலை முடிஞ்சா பேக்டரி பஸ்ல எல்லாரும் தூங்கிடுவாங்க. சொல்லிக் கொடுத்த அன்னைக்கு மட்டும் எனக்குத் தூக்கம் வராது. மனசு அவ்ளோ சந்தோஷமா இருக்கும்."

மேலாளர் விடவில்லை. எப்படிச் சொல்லிக் கொடுப்பீர்கள் என்று கேட்டார். மெஷின் சத்தத்துக்கே பயந்து அழுத ஒரு நேபாளப் பெண்ணைப் பற்றிச் சொன்னாள். பாஷை தெரியாத அந்தப் பெண்ணுக்குக் கை ஜாடையிலேயே எல்லாம் காட்டிக் கொடுத்ததை, நாற்காலியை விட்டு எழுந்து நடித்தே காட்டியிருக்கிறாள். அந்தப் பெண் பிறகு தனியாக ஒரு மெஷினையே பார்த்துக்கொண்டாளாம்.

காரில் ஏறியதும், "அலமாக்... ஐயோ, ரொம்பப் பேசிட்டேன்க்கா. பாதிதான்னு வேற சொல்லிட்டேன்" என்றாள். எனக்கும் நம்பிக்கை போய்விட்டது. வெளியே காட்டிக்கொள்ளாமல் தோசைக் கடைக்கு ஓட்டினேன்.

வியாழக்கிழமை அழைப்பு வந்தது. ஆபரேட்டர் வேலை இல்லை என்றார்கள். புஷ்பாவின் முகம் வாடிவிட்டது. ஆனால் அழைத்தவர் இன்னும் முடிக்கவில்லை — புதிதாகச் சேர்பவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் வேலை, சம்மதமா என்று கேட்டார்.

"அப்போ அது மட்டும்தானா என் வேலை? நாள் முழுக்கவா?" என்று இவள் திருப்பிக் கேட்டாள். அந்தப் பக்கம் சிரிப்பு கேட்டது. அன்று மாலை பழைய தோழிகள் எல்லாரும் வந்து வீட்டை ஒரு வழி பண்ணிவிட்டார்கள்.

எனக்கு ஒரு விஷயம் உறைத்தது. கல்யாண வீட்டில் பார்க்கிறவர்கள் எங்கே வேலை, என்ன சம்பளம், நிரந்தரமா என்றெல்லாம் கேட்பார்கள். அந்த வேலை உனக்குப் பிடிச்சிருக்கா என்று யாராவது கேட்டதுண்டா? புஷ்பாவிடம் நானே கேட்டதில்லை. முன்பின் தெரியாத ஒருவர் அக்கறையாகக் கேட்டார், அவள் உண்மையைச் சொன்னாள், ஜெயித்தாள்.

இன்றைக்கு உங்கள் வீட்டில் ஒருவரிடம் அந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள் — பதில் வரக் கொஞ்சம் நேரமாகும், டிவியை அணைத்துவிட்டுக் காத்திருங்கள்.