அப்பா மலைக்குப் போகவில்லை

முதலில் மன்னியுங்கள். இறந்தவரின் முப்பத்தோராம் நாள் நினைவு மலரில் மூத்த மகன் எழுதுவதுதான் நம்மவர் வழக்கம். நான்கு பேர் முன்னால் வாய் திறக்காத நான் எழுதுவது உங்களுக்கு வியப்பாக இருக்கும். அண்ணா இரண்டு முறை எழுதத் தொடங்கிக் கிழித்துப் போட்டார். எனக்கோ உங்களிடம் சொல்லியே ஆக வேண்டியது ஒன்று இருக்கிறது.

அப்பா இறந்த செய்தி வந்தபோது, கார்ஹிங் ஊரில் நான் வேலை செய்யும் ஆய்வுகூடத்தில் நின்றேன். தாதி சொன்னதைக் கேட்டு, "நன்றி" என்று தொலைபேசியை வைத்துவிட்டேன். பேருந்துக்குக் காத்து நிற்க முடியவில்லை. சைக்கிளை எடுத்தேன். தினமும் போன பாதையிலேயே இரண்டு இடங்களில் வழி தவறினேன். போய்ச் சேர்ந்தபோது அம்மா அப்பாவின் கால்களைத் தடவிக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து எனக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. இதையும் சமையலறையில் நின்றபடிதான் எழுதுகிறேன்.

அப்பாவும் அப்படித்தான். ஜேர்மனிக்கு வந்த புதிதில், அகதி விண்ணப்பம் முடிவாகும்வரை மாவட்ட எல்லையைத் தாண்டக்கூடாது என்றிருந்த ஆண்டுகளில், யாரோ தெருவில் எறிந்த சைக்கிளைத் திருத்தி, தினமும் எல்லைப் பலகைவரை ஓடித் திரும்புவார். விசா கிடைத்த அன்று பலகையைத் தாண்டிப் போனார். அரை மணித்தியாலத்தில் திரும்பி வந்து அம்மாவிடம் சொன்னார்: "அங்காலையும் உருளைக்கிழங்குத் தோட்டந்தானப்பா. இதுக்கே இவ்வளவு காவல்?"

நீங்கள் நினைப்பதுபோல் அப்பா மருத்துவமனையில் இறக்கவில்லை. இனிக் குணமாக்க முடியாது என்றானவர்களை வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளும் ஹொஸ்பிஸ் இல்லத்தில் ஏழு வாரம் இருந்தார். வீட்டில் அவருடைய வலியை எங்களால் சமாளிக்க முடியவில்லை. "பெத்த பிள்ளையள் இருக்க, சாகக் கொண்டுபோய் விட்டிட்டினம் எண்டு சனம் சொல்லும்" என்று அம்மா பயந்தார். அதனால், அப்பா 'கூர்' என்கிற உடல் தேற்றும் சிகிச்சைக்குப் போயிருக்கிறார், மலைப்பக்கம் ஓய்வெடுக்கிறார் என்று சொல்ல முடிவு செய்தோம். தொலைபேசியை எடுத்தது நான். பொய்யைச் சொன்னதும் நான். இறந்தபோது, மருத்துவமனையில் என்று சொன்னதும் நான்.

அப்பாவுடன் ரொட்டி சுடும் வெதுப்பகத்தில் வேலை செய்த சின்னராசா அண்ணை வாரந்தோறும் கூப்பிடுவார். "கொப்பர் மலைக்காத்திலை எங்களை மறந்திட்டார் போல. கொழுத்துப்போய் வரட்டும், ஆளுக்கு இருக்கு!" நானும் சிரித்தேன், அண்ணை. அப்போது அப்பாவால் ஒரு கரண்டி கஞ்சிதான் விழுங்க முடிந்தது.

ஒருநாள் அப்பா கேட்டார்: "பிள்ளை, ஒருத்தரும் வரேல்லையோ?"

"எல்லாருக்கும் வேலையப்பா."

"ஞாயிற்றுக்கிழமையிலுமோ?"

நான் தலையணையைச் சரிசெய்தேன். அவர் என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். "செத்தாப்பிறகு மாலையோடை வருவாங்கள். அப்ப என்னாலை தேத்தண்ணி குடுக்கேலாது" என்றார். அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது என்றே நினைக்கிறேன். பிறகு அவர் அதைக் கேட்கவே இல்லை.

அந்த இல்லத்துக்கு நிதி சேர்க்க ஆண்டுதோறும் நூறு கிலோமீற்றர் சைக்கிள் ஓடுகிறார்கள். ஒவ்வொருவரும் தாம் இழந்தவரின் பெயரை முதுகில் எழுதிக்கொண்டு ஓடுவார்கள். இல்லத்தின் தாழ்வாரச் சுவரில் ஒட்டியிருந்த அறிவித்தலை நான் வாசித்துக் காட்டியபோது, "நீயோ? முதல் மேட்டிலையே இறங்கி உருட்டுவாய்" என்று அப்பா சிரித்தார். நான் அவரிடம் ஒன்றும் சொல்லாமலே ஓடுவதற்கு என் பெயரைக் கொடுத்துவிட்டேன்.

வரும் சனிக்கிழமை அந்த ஓட்டம். அண்ணாவுக்கு விருப்பமில்லை. "அப்பான்ரை பேரை முதுகிலை போட்டுக்கொண்டு ஓடினா எல்லாருக்கும் விளங்கிடும்."

"விளங்கட்டும் அண்ணா" என்றேன். அவரை எதிர்த்து நான் பேசிய முதல் வார்த்தை அது. அம்மா, "பேரைத் தமிழிலை எழுது. வடிவா எழுது" என்றார்.

அப்பாவைப் பார்க்க வந்திருக்கக்கூடிய உங்கள் எல்லோரிடமிருந்தும் அந்த ஏழு வாரங்களை நான் பறித்துவிட்டேன். அதற்கு மன்னிப்புக் கேட்கக்கூட எனக்குத் துணிவு போதவில்லை. அவரிடமிருந்து எனக்கு வந்தது இருப்புக் கொள்ளாத இந்தக் கால்கள்தான். ஓரிடத்தில் இருந்து அழ அவை விடுவதில்லை.

இனி, இவ்வளவு நேரம் தயங்கிய வேண்டுகோள். அந்த இல்லத்தில் இப்போது ஒரு தமிழ் அம்மா இருக்கிறார். பிள்ளைகள் கனடாவில்; பயண அனுமதிக்குக் காத்திருக்கிறார்கள். அவருக்கு ஜேர்மன் தெரியாது. வேலை முடிந்து மாலையில் நான் போய் அவரோடு கதைத்துவிட்டு வருகிறேன். சனிக்கிழமை முழுநாளும் நான் சைக்கிளில் இருப்பேன். "வேறை ஆரும் வந்தாப் பறவாயில்லையோ அம்மா?" என்று கேட்டேன். "வரச் சொல்லு மோனை" என்றார்.

சனிக்கிழமை எனக்காகத் தெருவோரம் நிற்க வேண்டாம். அவருடைய அறையில் இரண்டு கதிரைகள் இருக்கின்றன. யாராவது இருவர் போய் இருங்கோ.