தலைக்கு ஒரு துண்டு

அரியக்குடி சாலையில், தன் வீட்டுக் கார் ஷெட்டில் ஃபாயில் போர்டு செய்கிறவர் அவர். அடியில் இறக்கை மாட்டினால் கடல்மேல் ஆளைத் தூக்கிக்கொண்டு பறக்கும் பலகை அது. ஒன்று வாங்கப் போயிருந்தேன். ஒடிசலான ஆள், முழங்கை வரை வெள்ளைத் தூசி. வாசலிலேயே நிறுத்தி ஒரு துண்டை நீட்டினார்.

"தலையில இறுக்கிக் கட்டிக்கிருங்க. எபாக்ஸிப் பசை ஈரமா இருக்கு. ஒரு முடி விழுந்தாலும் உள்ள ஒட்டிக்கிரும்."

சுவரில் சாத்தியிருந்த பழைய போர்டு ஒன்றில், கண்ணாடி இழைக்கு அடியில், நீளமான முடி ஒன்று சுருண்டு கிடந்தது.

"இதுல விழுந்திருச்சே?" என்று சிரித்தேன்.

அவர் அந்த முடிமேல் விரலை வைத்தார்.

"என் வீட்டுக்காரி முடி. டீ கொண்டாந்தவ, ஆசையாக் குனிஞ்சு பார்த்தா. வாய்க்கு வந்தபடி கத்திப்புட்டேன். அப்புறம் அவ உள்ள வரவே இல்ல. டீயை வாசல் ஸ்டூல்ல வச்சிட்டுப் போயிருவா. போன ஆடியில போய்ச் சேர்ந்துட்டா."

என் தலையில் கட்டியிருந்த துண்டைப் பார்த்தார்.

"வாரவுக எல்லாத்துக்கும் துண்டு குடுக்குறேன். அவளுக்கு ஒண்ணு குடுக்கத் தோணல பாருங்க."

கிளம்பும்போது துண்டை அவிழ்த்துக் கொடுத்தேன். அதை நாலாக மடித்து, அந்த ஸ்டூல்மேல் வைத்தார்.