இருளப்பன் ருசி பார்த்த கள்

என் கணவரின் அண்ணன் இருளப்பனுக்குக் கள்ளின் மேல் இருந்த பக்தி சாமி மேல்கூட இருந்ததில்லை. மலாயாவில் செமிலிங் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் அவருக்குப் பால்வெட்டு வேலை. ஆனால் சாயங்காலம் கள்ளுக்கடைக்குள் நுழைந்துவிட்டால் அங்கே அவர்தான் ராஜா. ஒரு சிரட்டை மொண்டு நுரையைப் பார்ப்பார், முகர்வார். முதல் வாயைக் கொப்பளித்துத் துப்புவார், இரண்டாவதைத்தான் விழுங்குவார். "பதம்" என்றால் எல்லோரும் குடிப்பார்கள். "புளிச்சுப்போச்சு" என்றால் ஒருவனும் தொடமாட்டான். தண்ணீர் கலந்த கடைக்காரனைத் திட்டி, பானையையே சாக்கடையில் கவிழ்க்க வைத்தவர். பொய் சொல்லாத நாக்கு என்று பெயர் எடுத்த பெருமையில் மனுஷனுக்குக் கால் தரையில் பாவாது.

ஜப்பான்காரன் வந்ததும் வெள்ளைக்காரத் துரை ஓடிப்போனார். கள்ளுக்கடை மூடியது, அரிசி போய் மரவள்ளிக்கிழங்கு வந்தது. மறு வருஷம் சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடிக்கத் தொடங்கினார்கள். பக்கத்துத் தோட்டத்திலிருந்து போனவர்களில் ஒருவரும் திரும்பவில்லை. எங்கள் ஆண்கள் விடிந்ததும் ரப்பர்க் காட்டுக்குள் ஒளிந்துகொள்வார்கள். என் கணவர் பழனியாண்டியும்தான்.

ஒருநாள் மத்தியானம், காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்களத்தில் ஆறு பானை கள் வந்து இறங்கியது. எல்லோருக்கும் இனாம் என்று தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி கத்தினார். யாரும் அசையவில்லை. இருளப்பன் மட்டும் போனார். நரைத்த தலையை எவன் பிடிக்கப் போகிறான்? ஒரு வருஷத்துக்கு மேலாகக் கள்ளைக் கண்ணால் காணாதவர், அன்றைக்கு முதல் வாயைக்கூடத் துப்பவில்லை. காட்டைப் பார்த்துத் திரும்பினார்.

"டேய், பதமான கள்ளுடா! ஒரு சொட்டுத் தண்ணி கலக்கல!"

நான் அப்போது காட்டுக்குள் கணவருக்குக் கிழங்கு கொடுத்துக்கொண்டிருந்தேன். அவர் எழுந்தார். சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"போவாதீங்க. சும்மா ஊத்துறான்னா எதுக்கு ஊத்துறான்?"

"அண்ணனே சொல்லிட்டாருல்ல. அவரு பொய் சொல்வாரா?"

பெரியவர் சொன்னது கள்ளைப் பற்றி. இந்த முட்டாள்கள் அதையே எல்லாவற்றுக்கும் சாட்சியாக எடுத்துக்கொண்டு போனார்கள். இரண்டாவது சிரட்டை காலியாவதற்குள் துப்பாக்கிகள் சுற்றிக்கொண்டன. ஆபீசுக்குப் பின்னாலிருந்து இரண்டு லாரிகள் வந்தன. நாற்பத்திரண்டு பேரை ஏற்றினார்கள். ஏறிய என் கணவர், பின்னால் ஓடிவந்த பெண்கள் கூட்டத்தில் என்னைத் தேடினார், அதற்குள் லாரி கிளம்பிவிட்டது.

சண்டை முடிந்தது. சயாமிலிருந்து வருகிறவர்கள் எல்லாம் வந்து சேர்ந்தார்கள். என் வீட்டுக்கு யாரும் வரவில்லை. ஒரு காலையில் இருளப்பன் வாசலில் வந்து நின்றார். உட்காரச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

"ராக்காயி, ஆபீசு பின்னாடி லாரி நின்னத நான் கள்ளுல வாய் வைக்கிறதுக்கு முன்னாடியே பார்த்தேம்மா. நான் என்னதான் செஞ்சிருக்கணும்?"

"புளிச்சுப்போச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஒருத்தரும் வந்திருக்க மாட்டாங்க மாமா. ஒரே ஒரு வார்த்தை!"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"ஆனா, புளிக்கலியேம்மா" என்றார்.