துணிக்கொடியைப் பார்த்துவிட்டு வரும் மல்லிகா அக்கா

ஆமாம், நிம்மதியாகத்தான் இருந்தது. முக்கொம்புச் சவாரி முடிந்து திரும்பும்போது, மல்லிகா அக்கா இறந்துவிட்டார் என்று போன் வந்தது. ஆட்டோவை ஓரம் கட்டினேன். நல்லவேளை, போன வாரமே போய்ச் சொல்லிவிட்டேன் என்றுதான் முதலில் தோன்றியது. அழுகை அப்புறம் வந்தது.

ஸ்ரீரங்கத்தில் எங்கள் பகுதிக்கு அவர்தான் நர்ஸ். பிள்ளை பெற்ற வீட்டுக்குள் நுழையும்முன் துணிக்கொடியைப் பார்ப்பார். உங்கள் வீட்டிலும் பார்த்திருப்பார். "அழுவுறத வச்சு பால் பத்தலன்னு சொல்லாதீங்க. ஈரத்துணி எத்தன மாத்துனீங்க, அதச் சொல்லுங்க" என்பார். பிள்ளை நிறையத் துணி நனைத்தால் பால் போதுகிறது என்பது அவர் கணக்கு.

என் மகன் பிறந்த நான்காம் நாள் ஓயாமல் அழுதான். பாலிடெக்னிக்கைப் பாதியில் விட்டவன் நான், பொறுமை கிடையாது. மனைவி கவிதா அசந்து தூங்கியபோது, பால்பவுடரைக் கரைத்து பாட்டிலில் கொடுத்துவிட்டேன். குடித்தவன் அடித்துப்போட்டதுபோலத் தூங்கினான். பிறகு மார்பில் வாயே வைக்கவில்லை. கவிதா பயந்துபோனாள்.

அக்கா வந்தார். "வேற ஏதாச்சும் குடுத்தியா தம்பி?"

"இல்லக்கா."

என் முகத்தை ஒருமுறை பார்த்தார். பிள்ளையின் துணியை அவிழ்த்து, கவிதாவின் நெஞ்சோடு ஒட்டிப் படுக்கவைத்தார். "பால் நல்லாத்தான் இருக்கும்மா. தொர தூக்கத்துல இருக்காரு, அவ்ளோதான்." என்னிடம் திரும்பினார். "நீ வாசல்ல நில்லு. பாட்டிலு, சங்கு, சர்க்கரத்தண்ணி, எது வந்தாலும் திருப்பி அனுப்பு."

சாயங்காலம் குடித்தான். மறுநாள் கொடியில் இடமில்லை.

இரண்டு வருடமாக அந்தப் பொய் உறுத்தியது. போன வாரம், உடம்பு முடியாமல் ஆஸ்பத்திரியில் கிடந்த அவரைப் பார்த்தபோது சொல்லிவிட்டேன்.

"தெரியும்டா. புள்ள ஏப்பத்துலயே பவுடர் வாசன அடிச்சுது."

"அப்பவே திட்டியிருக்கலாமேக்கா."

"திட்டுனா கவிதா காதுல விழும். நம்ம பால் பத்தலன்னு அவ நெனச்சுட்டா, அதுக்கு எங்கிட்ட மருந்து கிடையாது. போ, சவாரியப் பாரு."

அவரிடமிருந்து எனக்கு வந்தது அந்தப் பார்வைதான். எந்தச் சந்தில் திரும்பினாலும் கண் கொடிக்குப் போகிறது.

பக்கத்துத் தெரு முருகனுக்கு மூன்று நாள் முன்பு மகள் பிறந்தாள். இப்போதுதான் போன் செய்தான். "அழுதுக்கிட்டே இருக்குடா. பால்பவுடர் வாங்கிட்டேன்."

"பிரிக்காத. கொடியில எத்தன துணி கெடக்கு?"

தெரியாதாம். நான் போய்ப் பார்க்க வேண்டும். கிளம்புகிறேன்.