குழாய்த் தண்ணீரும் மழைத் தண்ணீரும்

அம்மாவுக்குச் சாங்கி விமான நிலையத்தில், சரக்குப் பிரிவில், இரவு ஷிப்ட். காலையில் செங்காங் அடுக்குமாடி வீட்டுக்கு வந்ததும் துணி துவைத்து, மூங்கில் கழிகளில் மாட்டி, அடுக்களை ஜன்னலுக்கு வெளியே நீட்டிவிட்டுத்தான் படுப்பார். படுப்பாரே தவிர தூங்கமாட்டார். கீழே லாரி உறுமினால்கூட இடி என்று நினைத்து எழுந்து போய் வானத்தைப் பார்ப்பார். டிரையர் வாங்கலாமே என்றால், வெயில் சும்மாதானே கிடைக்குது என்பார்.

பாலிடெக்னிக்கில் எனக்கு அப்போது கம்பரேட்டர் என்ற சிப்பைப் பற்றிய பாடம் நடந்தது. பெயர்தான் பெரிது, வேலை சின்னது. அதன் இரண்டு கால்களில் இரண்டு வோல்டேஜ் வரும். எது பெரியது என்று மட்டும் அந்தச் சிப் சொல்லும். எவ்வளவு பெரியது, ஏன் பெரியது என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. ஒரு காலில் நாமே ஒரு எல்லையைப் போட்டு வைக்கலாம். மற்றதில் வருவது அந்த எல்லைக்கு மேலா, கீழா, அவ்வளவுதான். வகுப்பு முடிவதற்குள் என் மனசு துணிக்கழிக்குப் போய்விட்டது.

ஜாலான் புசார் பக்கம் ஒரு கடையில் சிப்பும் பஸ்ஸரும் மற்ற சாமான்களும் வாங்கினேன். தேக்காவில் பிராட்டா சாப்பிட்டுக்கொண்டே சர்க்யூட்டைப் போனில் வரைந்து முடித்தேன். செம்புக்கோடுகள் ஓடும் ஒரு சின்னப் பலகை ஜன்னலுக்கு வெளியே இருக்கும். அதில் தண்ணீர் பட்டால் கோடுகளுக்கு நடுவே மின்சாரம் பாயும், வோல்டேஜ் இறங்கும். எல்லைக்குக் கீழே போனதும் பஸ்ஸர் கத்த வேண்டும்.

“மழைக்குப் போன்லயே ஆப் இருக்கு லா,” என்றான் அண்ணன்.

ஆப் செங்காங்குக்கு மழை என்று சொல்லும், நம் ஜன்னலுக்கு என்று சொல்லாது என்றேன். சரி சயின்டிஸ்ட் என்று போய்விட்டான்.

முதலில் பஸ்ஸர் வாயே திறக்கவில்லை. அந்தச் சிப்புக்கு மின்சாரத்தைக் கீழே இழுக்கத்தான் தெரியும், மேலே தள்ளத் தெரியாது. நான் பஸ்ஸரை எதிர்ப்பக்கம் மாட்டியிருந்தேன். மாற்றியபின், குழாயில் விரலை நனைத்துப் பலகையில் சொட்டு வைத்தேன். வீடே அதிர்ந்தது. ஒரு சொட்டுக்குக் கத்தும்படி குமிழைத் திருகி எல்லையை வைத்துவிட்டு, இனி நிம்மதியாகத் தூங்குங்கம்மா என்றேன். அம்மா அறைக்கதவைச் சாத்திக்கொண்டார். பகலில் அந்தக் கதவு மூடி நான் பார்த்ததில்லை.

இரண்டு நாள் கழித்து மதியம் மழை கொட்டியது. நான் ஹெட்போனோடு அறையில் இருந்தேன். வெளியே வந்தபோது அம்மா கழியை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தார். சீருடையின் நுனியில் தண்ணீர் ஒழுகியது.

“உன் மெஷின் நல்லாத் தூங்குதுடி. எழுப்பாதே, பாவம்.”

அன்று வேலைக்கு அம்மா அண்ணனின் பழைய கறுப்புக் காற்சட்டையைப் போட்டுக்கொண்டு போனார்.

ஜன்னலில் ஒரு குவளையை நீட்டி மழைத் தண்ணீரைப் பிடித்தேன். பலகையில் விட்டு மீட்டரை வைத்தேன். வோல்டேஜ் கொஞ்சம்தான் இறங்கியது. குழாய்த் தண்ணீரை விட்டேன், சரிந்து விழுந்தது. குழாய்த் தண்ணீரில் உப்புகள் உண்டு. மழைத் தண்ணீரில் அநேகமாக ஒன்றும் இல்லை, அதனால் மின்சாரம் அவ்வளவு எளிதில் பாயாது. மழைக்குக் காவல் வைத்த கருவியை நான் குழாயடியில் பழக்கியிருந்தேன்.

குவளைத் தண்ணீரை வைத்து எல்லையை மாற்றினேன். மறுநாள் நல்ல வெயிலில் பஸ்ஸர் அலறியது. அம்மா அலறியடித்துக்கொண்டு ஓடினார். மேல்வீட்டில் அப்போதுதான் துணி மாட்டியிருந்தார்கள். சோப்புத் தண்ணீர் எங்கள் பலகையில் சொட்டிக்கொண்டிருந்தது. மேல்வீட்டுக்குப் போய்ச் சொல்லலாமா என்று அண்ணன் கேட்டான். அம்மா வேண்டாம் என்றுவிட்டார். அவரும் கீழ்வீட்டின் மேல் சொட்ட விடுகிறவர்தான்.

பலகையை எங்கே நகர்த்தினாலும் ஏதோ ஒரு வீட்டின் கழி அதற்கு மேலே இருந்தது. மழையா, சோப்பா என்று சிப்பிடம் கேட்டுப் பயனில்லை. ஈரம் என்பதோடு அதன் வேலை முடிந்தது. யாராவது எட்டிப் பார்த்துத்தான் ஆக வேண்டும். அது யார் என்பது மட்டும்தான் மிச்சம். நீளமான வயர் வாங்கி, பஸ்ஸரை அடுக்களையிலிருந்து கழற்றி என் மேசைக்கு அடியில் கொண்டுவந்து ஒட்டினேன்.

எனக்கு வகுப்பு உள்ள நாட்களில் துணி வீட்டுக்குள்ளேயே காய்கிறது. மற்ற நாட்களில் அது கத்தும்போது நான் எழுந்து போய்ப் பார்க்கிறேன். பாதி நேரம் மேல்வீட்டுச் சோப்புத்தான். இன்று மழை. கழிகளை உள்ளே இழுத்தேன். அம்மாவின் கதவு மூடியே இருந்தது.